ஒட்டாத காந்தம்

“ஒட்டாத காந்தத்தப் படிக்கறதுக்கு அஞ்சு வருஷமாம்மா?”

கேட்டவர் பாய். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் என் அப்பா லேத் ஓட்டும் பட்டறையின் முதலாளி. அங்கே வேலை செய்பவர்களுக்கும், சாமான் எடுக்க வருபவர்களுக்கும், எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரருக்கும் அவர் பாய்தான். அப்பா வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க அன்று போயிருந்தேன். முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். காந்தம் என்றேன். உடனே மேசைக்கு அடியில் கையை விட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய கறுப்பு வளையம் ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம். லேத்தைச் சுற்றி விழும் இரும்புப் பிசிறை அதை வைத்துத்தான் பொறுக்குவார்கள். பிசிறு பையின் மேல் ஒட்டும். காந்தத்தைப் பையிலிருந்து உருவினால் எல்லாம் தொட்டியில் கொட்டிவிடும்.

“இது காந்தம். இதுல ஒனக்கு என்னா சந்தேகம்?”

“இதுல ஒண்ணும் இல்ல பாய். நான் படிக்கறது இதுல ஒட்டாது.”

அப்போதுதான் அவர் அதைக் கேட்டார். கிண்டல்தான், வேறு எண்ணம் கிடையாது. பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. “ஒட்டறத யாரு வேணும்னாலும் படிக்கலாம்” என்று சொல்லி, கண்ணாடியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். பின்னாலிருந்து பாயின் குரல் கேட்டது.

“யோவ் டர்னரு, வாயி ஒன்ன மாதிரி இல்லய்யா ஒம் பொண்ணுக்கு.”

அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா எங்கே போனாலும் பெருவிரல்தான் வைப்பார். அம்மா உப்பளம் பகுதியில் ஒரு சொல்தா வீட்டில் சமைக்கிறாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் குடும்பங்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். அந்த வீட்டுப் பிள்ளைகள் பாரிசிலிருந்து வந்திருக்கும்போது நான் போனால், என்ன படிக்கிறாய் என்று கேட்பார்கள். நான் சொல்லச் சொல்ல அம்மா அடுப்பங்கரை வாசலுக்கு வந்து நிற்பாள். ஒரு வார்த்தையும் விளங்காது. முழுவதும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள்.

நான் படிப்பதை இப்படிச் சொல்லலாம். ஒரு பொருளில் இருக்கும் சில அணுக்கள் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். சில பொருள்களில் பக்கத்துப் பக்கத்து அணுக்கள் எதிரெதிராக நிற்கவே விரும்பும். ஒன்று மேலே பார்த்தால் மற்றது கீழே பார்க்கும். ஒன்றை ஒன்று அழித்துவிடுவதால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆணியைக்கூட இழுக்காது. இரண்டு அணுக்கள் மட்டும் என்றால் சிக்கல் இல்லை. மூன்று அணுக்கள் முக்கோணமாக அமைந்துவிட்டால்தான் தொல்லை. முதலாவது மேலே, இரண்டாவது கீழே. மூன்றாவது எப்படி நின்றாலும் ஒருவரோடு ஒத்துப்போகாது. என் பொருள் முழுக்க இந்த மாதிரி முக்கோணங்கள். ஆங்கிலத்தில் இதற்கு இருக்கும் பெயரைத் தமிழாக்கினால் விரக்தியுற்ற காந்தம் என்று வரும். அம்மாவிடம் சொன்னேன்.

“காந்தத்துக்கு எதுக்குடி விரக்தி? அது என்னா நாலு வூட்டுல பாத்திரம் கழுவுதா?”

விரக்தியோடும் அவை ஓர் ஏற்பாட்டுக்கு வரும். நன்றாகக் குளிரவைத்தால், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில், மூன்றும் ஆளுக்குக் கொஞ்சம் திரும்பி, யாருக்கும் முழுத் திருப்தி இல்லாத ஒரு நிலையில் ஒழுங்காக நின்றுவிடும். அந்த வெப்பநிலைக்கு மேலே ஒழுங்கு இல்லை, கீழே உண்டு. அளந்து வரைந்தால் கோட்டில் அந்த இடத்தில் ஒரு மடிப்பு விழும். என் வேலை அந்த ஒழுங்கைக் கெடுப்பது. காந்தமில்லாத துத்தநாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எந்த அளவில் ஒழுங்கு போகிறது, போன பிறகு அங்கே என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. இதனால் யாருக்கு என்ன பயன் என்று பாய் மட்டுமல்ல, படித்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். ஊரில் யாருக்கும் இல்லாத கேள்வி ஒன்று எனக்கு இருக்கிறது என்பதே அப்போது எனக்குப் போதுமாக இருந்தது.

வேலை என்று பார்த்தால் அது சமையலுக்குப் பக்கத்தில் வரும். தூள்களை எடைபோட்டு, அகேட் என்ற கடினமான கல்லில் செய்த சிறு உரலில் மணிக்கணக்காக அரைக்க வேண்டும். ஓர் இரும்பு அச்சுக்குள் கொட்டி அழுத்தி மாத்திரை அளவுக்கு வில்லையாக்க வேண்டும். உலையில் இரண்டு நாள் சுட வேண்டும். பிறகு எடுத்து உடைத்து, மறுபடி அரைத்து, மறுபடி அழுத்தி, மறுபடி சுட வேண்டும். ஒரு வில்லைக்கு இப்படி மூன்று முறை. எங்கள் ஆய்வகத்தில் அச்சு ஒன்றுதான் இருந்தது. என் நான்காம் வருஷத்தில் யாரோ அளவுக்கு மீறி அழுத்தி அதன் தண்டு வளைந்துவிட்டது. புதியது வர மாதக்கணக்காகும் என்றார்கள். நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து அன்று சாப்பிடாமல் புலம்பினேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, “என்னா சைசு?” என்று மட்டும் கேட்டார்.

சாப்பாட்டு இடைவேளைகளில் கடைந்தார். ஓர் உருளை, அதன் நடுவே சுண்டுவிரல் நுழையும் அளவு துளை, துளைக்குள் இறங்கும் ஒரு தண்டு. கடினமான உருக்கு கிடைக்கவில்லை. பட்டறையில் மிச்சம் கிடந்த சாதாரண இரும்பில்தான் செய்தார். ஆனால் துளையின் அடியை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை விட்டால், தண்டு காற்றின் மேலேயே நின்றது. விரலை எடுத்ததும் மெல்ல இறங்கியது. என் ஆய்வு வழிகாட்டியான மேடம் அதை மூன்று முறை இறக்கிப் பார்த்தார்.

“யார் செஞ்சது?”

“எங்கப்பா மேடம்.”

அந்த இரண்டு சொல்லை எவ்வளவு நிமிர்ந்து நின்று சொன்னேன் என்பது நினைவிருக்கிறது.

முதல் மூன்று வில்லைகளை அதில் அழுத்தினேன். துத்தநாகம் இல்லாதது ஒன்று, கொஞ்சம் சேர்த்தது ஒன்று, இன்னும் கொஞ்சம் சேர்த்தது ஒன்று. மூன்றும் ஓரம் உடையாமல் வந்தன. அந்தச் சந்தோஷத்தில் ஒரு நாள் வீட்டில் சொன்னேன்.

“கட்டுரை எழுதும்போது ஒனக்கு நன்றி போடுவேன்பா. ஒம் பேரு அச்சுல வரும்.”

அப்பாவுக்கு அச்சு என்றால் ஒன்றுதான். செய்தித்தாளை வடை மடிக்கவே பார்த்திருக்கிறார். புத்தகம் எங்கே எப்படி உண்டாகிறது என்று யோசிக்க அவருக்கு ஒரு தேவையும் வந்ததில்லை. அடுத்த வாரம், “அச்ச ரெண்டு நாளைக்குக் குடு பாப்பா, ஒரு வேல பாக்கி இருக்குது” என்று வாங்கிக்கொண்டு போனார். திரும்பிக் கொடுத்தபோது அதன் வெளிப்பக்கத்தில் அவருடைய பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது. இரும்பில் எழுத்துப் பதிக்கும் உளிகள் பட்டறையில் உண்டு. எழுத்துக்கு ஒன்று. பாய் வரிசையாக எடுத்து எடுத்துக் கொடுக்க, அப்பா சுத்தியலால் அடித்திருக்கிறார். நான்காவது எழுத்து தலைகீழாக இருந்தது.

“நீ சொன்ன மாதிரியே வந்துடுச்சு பாரு. நீ அடிச்சா கோணலாப் பூடும்னு நானே அடிச்சுட்டேன்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அச்சு என்றால் தாளில் அடிப்பதும்தான் என்று விளக்கினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“அவ பேப்பர்ல போடறன்னா, இவரு இரும்புல போட்டுக்கினு வந்து நிக்கறாரு.”

அப்பா வெட்கத்தோடு எழுத்துகளை விரலால் தடவினார். “செரி வுடு. ரெண்டு அச்சுலயும் இருந்துட்டுப் போவட்டும்.”

மறுநாள் ஆய்வகத்தில் தண்டை இறக்கியபோது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. பஞ்சால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். நான்காவது வில்லையையும் ஐந்தாவது வில்லையையும் அதில்தான் அழுத்தினேன்.

அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. வேறு ஊரில், மற்றொரு ஆய்வகத்தில் இருந்தது. அதைப் பயன்படுத்த இரண்டு நாள் ஸ்லாட் கிடைத்தது. ஜூஸ் கடையில் தரும் உறிஞ்சுகுழல் போன்ற ஒன்றுக்குள் வில்லைத் துண்டைச் செருகி உள்ளே இறக்குவார்கள். விண்வெளியின் குளிருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அங்கிருந்து மெல்லச் சூடேற்றிக்கொண்டே வருவோம். முதல் மூன்று வில்லைகளும் எதிர்பார்த்தபடி நடந்துகொண்டன. துத்தநாகம் கூடக் கூட, மடிப்பு குளிர்ந்த பக்கம் நகர்ந்து மங்கியது. நான்காவதிலும் ஐந்தாவதிலும் மடிப்பே இல்லை. ஆனால் காந்தப்புலம் இல்லாமல் குளிரவைத்து அளந்த கோடும், புலத்தோடு குளிரவைத்து அளந்த கோடும் ஒன்றுசேராமல் பிரிந்து நின்றன. ஒழுங்கு முழுதாகச் சாகவில்லை, வேறு உருவத்தில் உயிரோடு இருக்கிறது என்று அதற்குப் பொருள் சொல்லலாம். அப்படி யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

அந்த இரண்டு வில்லைகளில் இன்னொன்றும் இருந்தது. கோடுகள் முழுக்க, குளிரிலும் அதற்கு மேலும், ஏறக்குறைய ஒரே அளவு மேலே தூக்கி நின்றன. உறிஞ்சுகுழலாலும் பிடிமானத்தாலும் வரும் அளவாக இருக்கும் என்று எண்ணி, அதைக் கழித்துவிட்டேன். முதல் மூன்றில் ஏன் அது இல்லை என்று என்னை நானே கேட்கவில்லை. கழித்ததும் படம் அழகாக வந்தது.

மேடம் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அறை வெப்பநிலை வரைக்கும் ஏன் போகல?”

“ஸ்லாட் முடிஞ்சுடுச்சு மேடம்.”

முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் மிச்சம் இருந்தது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று பையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறியிருந்தேன்.

ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை ஏற்கப்பட்டது. ஒரு கட்டுரையாவது வெளிவந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். என் உதவித்தொகை முடிய நான்கு மாதம் இருந்தது. கணக்கு சரியாக இருந்தது. அப்பாவின் பெயர் வரும் கடைசிப் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் அதை ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து, பட்டறையில் தன் லேத்துக்கு மேலே காலண்டர் ஆணியில் மாட்டினார். வருகிறவர்களுக்குப் பாயே அதைப் படித்துக் காட்டினாராம். பெயரின் நான்காவது எழுத்து இதில் நேராக இருப்பதைப் பார்த்து, “அப்ப நீ அடிச்சதுதான்யா தப்பு” என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

சில வாரங்கள் கழித்து ஆய்விதழிலிருந்து இறுதிப் பிரதி வந்தது. மூன்று நாளுக்குள் பார்த்து ஒப்புதல் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அன்று ஆய்வேட்டுக்காக ஆறாவது வில்லையை அழுத்திக்கொண்டிருந்தேன். தண்டு உள்ளே போய்ப் பிடித்துக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. மதியம் அச்சோடு பட்டறைக்குப் போனேன்.

அப்பா பெஞ்சைத் துடைத்து வெள்ளைத் தாளை விரித்தார். எனக்காக அப்படிச் செய்ய அவர் பழகியிருந்தார். செம்புச் சுத்தியலால் நாலு தட்டு. தண்டு விட்டுக்கொடுத்தது. வில்லை உடைந்து தூளாகத் தாளில் விழுந்தது. பாய் எழுந்து வந்தார்.

“இதான் அந்த ஒட்டாத காந்தமா? இரு, பாத்துடலாம்.”

பையில் சுற்றிய வளையத்தைத் தாளுக்கு அடியில் கொண்டுபோய் மெல்ல நகர்த்தினார். தூளில் பெரும்பகுதி அசையாமல் கிடந்தது. அதன் நடுவிலிருந்து மட்டும் கறுப்பாக ஒரு வரிசை எழுந்து, எறும்புச் சாரை போல வளையத்தின் பின்னால் போனது. பாய் கையை வலப்பக்கம் கொண்டுபோனார். அது வலப்பக்கம் போனது. இடப்பக்கம் கொண்டுவந்தார். வந்தது.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. “பாப்பா, ஒட்டுது பாரு. ஒட்டவே ஒட்டாதுன்னியே.”

“அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ளயே” என்றார் பாய். “ஒட்ட வச்சுட்டியேம்மா.”

இருவருக்கும் அது வெற்றி. டீ சொல்லி அனுப்பினார்கள். நான் தாளின் மேல் குனிந்து அந்தக் கறுப்பு வரிசையைப் பார்த்தேன்.

“பெஞ்சில கெடந்த பிசிறா இருக்கும்பா.”

“பெஞ்சியத் தொடச்சுட்டுதான பேப்பரப் போட்டேன். நீ பாத்துக்கினுதான இருந்த” என்றார் அப்பா, கொஞ்சம் வருத்தமாக.

பெஞ்சுப் பிசிறாகவே இருக்கட்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். பாயிடம் அந்த வளையத்தை ஒரு நாளைக்கு என்று கேட்டு வாங்கிப் போயிருந்தேன்.

மறுநாள் காலை ஆய்வகத்தில் மூடி முத்திரையிட்டு வைத்திருந்த ஐந்து வில்லைகளையும் எடுத்தேன். பட்டறைப் பக்கமே போகாதவை. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைத் தையல் நூலில் கட்டி, ஒரு கம்பியிலிருந்து வரிசையாகத் தொங்கவிட்டேன். மின்விசிறிக் காற்றில் ஆடின. விசிறியை நிறுத்திவிட்டு, அவை அசைவற்று நிற்கும்வரை காத்திருந்தேன். வளையத்தை முதல் துண்டின் அருகே கொண்டுபோனேன். அசையவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் அசையவில்லை. நான்காவது மெல்லத் திரும்பி, நூல் சாய, வளையத்தை நோக்கி வந்தது. ஐந்தாவது வந்து ஒட்டிக்கொண்டது.

என் ஆய்வுக் குறிப்பேட்டைத் திறந்தேன். மூன்றாவது வில்லைக்கும் நான்காவது வில்லைக்கும் இடையே என் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. ‘அச்சு பட்டறைக்குப் போயிருக்கிறது, இரண்டு நாள்.’

துளையின் சுவர் பெயரை அடித்த இடத்தில் உட்புறம் புடைத்திருக்க வேண்டும். தண்டு ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அந்தப் புடைப்பைச் சுரண்டியிருக்கிறது. சுரண்டிய இரும்பு என் தூளில் கலந்து, உலையில் வெந்து, ஒலிபெருக்கிக் காந்தத்துக்குத் தூரத்து உறவான ஏதோ ஒன்றாக மாறியிருக்கிறது. அது குளிரிலும் காந்தம், அறையிலும் காந்தம். கோடுகளைத் தூக்கிப் பிடித்ததும் அது, பிரித்து வைத்ததும் அது. அறை வெப்பநிலை வரை அளந்திருந்தால், கோடுகள் அங்கேயும் சேராமல் நிற்பதை அன்றே பார்த்திருப்பேன். என் பொருளில் ஒழுங்கு எப்போதோ செத்துவிட்டது. உயிரோடு இருக்கிறது என்று நான் உலகத்துக்குச் சொல்லவிருந்தது இரும்புப் பிசிறு.

மேடத்தை அழைத்து வந்து காட்டினேன். அவர் நின்றுகொண்டே பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

“கலப்படம் இருக்கலாம்னு ஒரு வரி சேர்த்துட்டா போதாதா? மூணு மாசம்தான் இருக்கு உனக்கு.”

“ஒரு வரி சேர்த்தா மிச்சம் எதுவும் நிக்காது மேடம். நான் சொல்றதே அந்தக் கலப்படத்தைத்தான்.”

அவர் ஐந்தாவது துண்டை வளையத்திலிருந்து பிரித்துத் தொங்கவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஸ்லாட் முடிஞ்சுடுச்சுன்னு சொன்ன.”

“முடியல மேடம். நான்தான் கிளம்பி வந்துட்டேன்.”

அவர் கணினியை என் பக்கம் திருப்பிவைத்தார். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். “எழுது” என்றார். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவர் எதிரிலேயே எழுதினேன். கலப்படம் எப்படி வந்தது என்று விளக்க வேண்டிய பத்தியில், அழுத்தும் அச்சின் உட்சுவர் தேய்ந்தது, அதை நான் சோதிக்கத் தவறினேன் என்று எழுதினேன். அச்சு யார் செய்தது என்று எழுதவில்லை. இரண்டு நாளில் பதில் வந்தது. கட்டுரை விலக்கப்பட்டது என்று ஒரே வரி.

வீட்டில் சொல்லத் துணிவு வரவில்லை. பட்டறைக்குத்தான் போனேன். இரும்பு சுரண்டிக் கலந்துவிட்டது, கட்டுரை வராது என்றேன். பெயரைப் பற்றிப் பேச்செடுக்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டு போயிருந்தேன். அப்பா அச்சை வாங்கினார். தண்டின் மேல் நீலச் சாயத்தை மெலிதாகத் தடவி, துளைக்குள் விட்டு, சுற்றாமல் நேராக வெளியே எடுத்தார். எங்கே உரசுகிறது என்று பார்க்கும் வழி அது. தண்டின் ஒரு பக்கத்தில் சாயம் வரிசையாகக் கோடு கோடாக அழிந்திருந்தது. அச்சைத் திருப்பி வெளிப்பக்கத்தைப் பார்த்தார். மறுபடியும் தண்டைப் பார்த்தார். எழுத்துகளை அவரால் படிக்க முடியாது. எண்ண முடியும்.

“நான் அடிச்சதா?”

“நான் ஒண்ணக் கழிச்சுட்டேன்பா. அது எந் தப்பு. அதக் கழிக்காம இருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.”

கழித்தது என்றால் என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. மற்றது விளங்கிவிட்டது.

“தொளைக்குள்ள ஒரு இரும்பு ராட வுட்டுக்கினு அடிச்சிருக்கணும்” என்றார். “எல்லாருக்கும் அப்படித்தான் அடிப்பேன்.”

பிறகு அவர் செய்ததை நான் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம். அச்சை லேத்தில் பூட்டி ஓட்டினார். வெளிப்பக்கத்தில் ஒரு சீவல் எடுத்தார். எழுத்து இன்னும் தெரிந்தது. இன்னொரு சீவல் எடுத்தார். தலைகீழ் எழுத்து மற்றவற்றைவிட ஆழமாக அடிபட்டிருந்ததால் அது கடைசியாகப் போனது. சுருள் சுருளாக விழுந்த பிசிறு மற்றப் பிசிறோடு கலந்தது. பாய் தன் மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேலி பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன். லேத்தை நிறுத்திவிட்டு அப்பா காலண்டர் ஆணியிலிருந்து லேமினேட் தாளைக் கழற்றினார். இரண்டையும் என்னிடம் கொடுத்தார்.

“இத எடுத்துக்கினு போ. இங்க இருந்தா வர்றவங்க கேப்பாங்க.”

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. உதவித்தொகை நின்றுவிட்டது. ஆய்வுக்காலத்தை நீட்டிக்க விண்ணப்பம் கொடுத்து, காலையில் ஒரு டியூஷன் சென்டரில் இயற்பியல் எடுக்கிறேன். சொல்தா வீட்டில் கேட்டபோது, இன்னும் முடியவில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அங்கே யாரும் அவளிடம் என்னைப் பற்றிக் கேட்பதில்லை. அப்பா என்னோடு எல்லாமும் பேசுகிறார், சாப்பிட்டாயா என்கிறார், பஸ் கிடைத்ததா என்கிறார். வேலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. உலை என்ற சொல் என் வாயில் வந்தால் எழுந்து கை கழுவப் போய்விடுகிறார். நான் அவரைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறார். அந்த ஒன்றரை மணி நேரத்தை எத்தனை முறை சொன்னாலும் அது அவருக்கு என் பெருந்தன்மையாகத்தான் கேட்கிறது. நான் செய்த தவறை என் அப்பா என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டார். அதைத் திரும்ப வாங்க எனக்கு வழி தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெரியும். ஒழுங்கு எந்த இடத்தில் போகிறது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. அதற்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை.

சென்ற வாரம் மறுபடி பாயிடம் போய் அந்த வளையத்தைக் கேட்டேன். பையோடு எடுத்துக் கொடுத்தார். அப்பா அப்போது உள்ளே இருந்தார், திரும்பவில்லை.

“ஒட்டலன்னா ஒரு வார்த்த சொல்லி அனுப்பும்மா” என்றார் பாய், குரலைத் தாழ்த்தி.

நான்காவது வில்லைக்கும் ஐந்தாவது வில்லைக்கும் உரிய தூள்களைப் புதிதாக அரைத்து முடித்தேன். இம்முறை அச்சே இல்லை. அழுத்தாமல், தூளாகவே சுடுவதாக முடிவு. கூடுதலாக நாள் பிடிக்கும். நேற்றுக் காலை தூள்களை வெள்ளைத் தாளில் பரப்பி, வளையத்தை அடியில் மூன்று முறை ஓட்டினேன். ஒரு துகளும் நகரவில்லை. பீங்கான் கிண்ணங்களில் கொட்டி உலைக்குள் வைத்து மூடினேன். ஒட்டவில்லை என்று பாய்க்குச் செய்தி அனுப்பினேன். பிறகு அளக்கும் கருவிக்கான விண்ணப்பத்தை நிரப்பினேன். எந்த வெப்பநிலை வரை என்ற கட்டத்தில் அறை வெப்பநிலை என்றும், எவ்வளவு நேரம் என்ற கட்டத்தில் ஸ்லாட் முடியும்வரை என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.